கறுப்புத் தண்ணீர்ச் சிவப்பு மீன்

மீன் என்றதும் நம்மில் பலருக்குக் குழம்புதான் நினைவுக்கு வரும். அதைத் தாண்டி நம் வீடுகளில் மீனைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு எழுவதில்லை. நான் எழுதவிருக்கும் மீனைக் குழம்பு வைக்க முடியாது. வாலை விட்டுவிட்டு அளந்தால் நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த என் அம்மா, "இதுக்குப் போயா நாலு வருசம் படிச்ச?" என்று கேட்டதும் உண்டு.

அதன் பெயர் பெட்டா லிவிடா. நாம் சின்ன வயதில் போத்தலில் வளர்த்த சண்டை மீனுக்குச் சொந்தக்காரன். சிலாங்கூர் மாநிலத்தின் கரிய சதுப்புக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. நமக்கு ஒரு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் இப்படி ஓர் உயிர் இருக்கிறது என்பது பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டு வரைக்கும் எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அந்தக் காட்டின் ஓரத்தில்தான் இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரம். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாரிட்தான் விளையாட்டுத் திடல். செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓடும் அந்த வடிகால்களில் மைலோ டின்னை வைத்துச் சண்டை மீன் பிடிப்போம். பிடித்த மீனை ஹார்லிக்ஸ் போத்தலில் விட்டு, கெத்தாபாங் மரத்துக் காய்ந்த இலை ஒன்றைப் போட்டு வைப்போம். இலை போட்டால் மீன் நன்றாக அடிக்கும் என்பது எங்கள் சாத்திரம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பாரிட்களில் பாதியை வெட்டியவர் என் தாத்தா என்பது மட்டும் எங்களுக்குப் பெருமையான விசயம். "இது எங்க தாத்தா பாரிட்" என்று சொல்லி அடுத்த லயத்துப் பையன்களை மீன்பிடிக்க விடாமல் துரத்தியிருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் களப்பணிக்காக வட சிலாங்கூர்ச் சதுப்புக் காட்டுக்குப் போனோம். ராஜா மூசா, சுங்கை காராங் என்னும் இரண்டு வனக் காப்பகங்களும் சேர்ந்து 70,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்பு. 1990-இல் இவை வனக் காப்பகங்களாக அரசிதழில் ஏறின. அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக இங்கே மரம் வெட்டியிருந்தார்கள். நாங்கள் போனது வெட்டிய பிறகு மீண்டும் வளர்ந்த காடு.

காலை வைத்த இடமெல்லாம் பஞ்சுபோல் அமுங்கியது. அது மண்ணே இல்லை. மலாய்க்காரர்கள் கம்புட் என்று சொல்வார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீரில் ஊறியபடி, முழுதாக மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது. மக்க வேண்டுமானால் காற்று வேண்டும். தண்ணீருக்கடியில் காற்று இல்லை. ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் அது உயரும். இந்தக் காட்டில் சில இடங்களில் அதன் ஆழம் ஐந்து மீட்டர் வரை இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மரவேர்களுக்கு இடையில் தேங்கிய தண்ணீர் மைபோல் கறுப்பாக இருந்தது. சோதனைக் குழாயில் அள்ளித் தூக்கிப் பிடித்தபோது தெளிந்த செம்பழுப்பு. சீனி போடாத தே ஓ என்று நண்பன் ஒருவன் சொன்னான். உண்மையில் இரண்டும் ஒரே காரியம்தான். தேயிலையை வெந்நீர் சாயம் இறக்குவதுபோல் இந்தச் சருகையெல்லாம் மழைநீர் காலங்காலமாகச் சாயம் இறக்குகிறது. அமில அளவைப் பார்த்தோம். பிஎச் 3.7. ஆரஞ்சுச் சாற்றின் புளிப்புக்குப் பக்கத்தில். சாதாரணக் குளத்துத் தண்ணீரில் 6 அல்லது 7 இருக்கும். அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறுகிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது எப்பேர்ப்பட்ட வித்தியாசம் என்று தெரியும்.

இந்தத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வலைக்கூடையைச் சருகுக்கடியில் விட்டுத் தூக்கினேன். கறுத்த இலைகளுக்கு நடுவே ஏதோ துடித்தது. முதலில் அட்டை என்று நினைத்துக் கூடையையே போட்டுவிடப் பார்த்தேன். விரிவுரையாளர்தான் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டில் விட்டுப் பார்த்தால், திராட்சைச் சாறு நிறத்தில் ஒரு மீன். விலாவில் ஒரு பச்சைப் பொட்டு, யாரோ பேனா முனையால் தொட்டு வைத்ததுபோல். வெயில் பட்டதும் அந்தப் பச்சை மின்னியது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் இங் அவர்களும் சுவிட்சர்லாந்து மீனியல் அறிஞர் மோரிஸ் கோட்டலாவும் 1992-இல்தான் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு நீலம் பாரித்தது என்றும் பொறாமை கொண்டது என்றும் இரண்டு பொருள். பொறாமைப்பட அதனிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உலகிலேயே யாரும் விரும்பாத தண்ணீரில் அல்லவா அது குடியிருக்கிறது!

அப்படி நினைத்தது என் அறியாமை. அந்தத் தண்ணீரே அதற்குக் கோட்டை. நன்னீர் மீனின் உடலில் இருக்கும் உப்பு சுற்றியுள்ள தண்ணீரில் இல்லை. அதனால் உப்பு எந்நேரமும் செவுள் வழியாக வெளியே கசியப் பார்க்கும்; மீன் அதை எந்நேரமும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அமிலம் அதிகமானால் செவுளின் செல்களுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்து உப்பு வேகமாக வெளியேறும். நாம் வளர்க்கும் கெண்டையை இங்கே கொண்டுவந்து விட்டால் அது புளிப்பால் வெந்து சாவதில்லை, உப்பை இழந்து சாகும். கறுப்புத் தண்ணீர் மீன்கள் இந்தக் கசிவை அடக்கக் கற்றவை. அமேசான் பகுதியில் ரியோ நீக்ரோ ஆற்று மீன்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். இலைச்சாயத்தில் கரைந்திருக்கும் பொருள்களே செவுளுக்கு ஓரளவு காப்பாக அமைகின்றன. அதோடு புளிப்புத் தண்ணீரில் கிருமிகள் குறைவு. கிருமி குறைந்த இடத்தில் பழகிய மீனைக் குழாய்த் தண்ணீரில் விட்டால் சீக்கிரம் நோயில் விழும். ஹார்லிக்ஸ் போத்தலில் நாங்கள் போட்ட கெத்தாபாங் இலைக்கு அன்றுதான் எனக்கு விளக்கம் கிடைத்தது. எங்கள் சாத்திரம் அவ்வளவு மோசமில்லை.

இந்தத் தண்ணீரில் உயிர்வளியும் சொற்பம். அதற்கும் வழி வைத்திருக்கிறது. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிப் போகும். சண்டை மீன், செப்பாட், நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை எல்லாமே இந்த வகைதான். ஆண் மீன் எச்சிலும் காற்றும் கலந்து இலைக்கடியில் குமிழிக் கூடு கட்டும். பெண்ணை வளைத்து அணைக்கும்போது முட்டைகள் விழும். வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். ஆயிரக்கணக்கில் முட்டை போடும் மீனல்ல. ஒரு தடவைக்குச் சில பத்து முட்டைகள்தான். குஞ்சு நீந்தும் வரை காவல் இருப்பது தகப்பன். உண்பது சருகுக்கடியில் நெளியும் புழுபூச்சிகளை. ஒரு சாண் ஆழம், நாலைந்து வேர், ஒரு கூடை சருகு. அதன் உலகம் முடிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இதே மாதிரியான கறுப்புத் தண்ணீரில்தான், சுமத்ராவின் ஜாம்பிப் பகுதியில், பீடோசிப்ரிஸ் என்னும் மீனைக் கண்டெடுத்தார்கள். கோட்டலாவும், ரால்ஃப் பிரிட்ஸும், சிங்கப்பூரின் டான் ஹியோக் ஹுய்யும், காய் எரிக் விட்டேயும் 2006-இல் அதைப் பற்றி எழுதினார்கள். முட்டையிடும் பருவத்துப் பெண் மீனின் நீளம் 7.9 மில்லிமீட்டர். மண்டைக்கு மேற்கூரை எலும்புகூட முழுதாக இல்லை. அதன் இனத்தான் ஒன்று நம் சரவாக்கிலும் உண்டு. இதைப் படித்த இரவு விடுதியில் அளவுகோலை எடுத்து 7.9 மில்லிமீட்டர் எவ்வளவு என்று பார்த்தேன். என் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தைவிடச் சிறியது.

சரி, இவ்வளவு கெட்டிக்கார மீனுக்கு என்ன குறை? அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பெட்டா லிவிடாவை ஏன் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது? அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்காகப் பிடித்து விற்பதும் உண்டுதான். ஆனால் அது பெரிய காரணமல்ல. பெரிய காரணத்தின் பெயர் பாரிட்.

கம்புட் நிலத்தில் எது நடுவதானாலும் முதலில் தண்ணீரை இறக்க வேண்டும். தண்ணீர் இறங்கியதும் அதுவரை மூச்சடக்கி இருந்த அந்தச் சருகுக் கும்பலுக்குள் காற்று நுழைகிறது. ஐயாயிரம் ஆண்டு மக்காதது மக்கத் தொடங்குகிறது. கரிவளியாய் வானத்துக்குப் போகிறது. முதல் சில ஆண்டுகளில் நிலம் ஒரு மீட்டர் அளவுக்குக்கூட அமுங்கும். பிறகும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். முப்பது ஆண்டில் சேர்ந்தது ஓர் ஆண்டில் போகிறது. வறட்சி வந்தால் நிலமே எரியும். 2014 வறட்சியில் ராஜா மூசாப் பக்கம் பிடித்த தீயின் புகையை நம்மில் பலர் மூக்கால் அறிந்திருக்கிறோம். மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும் தீ அது.

மீனின் கதை அதற்கும் முன்பே முடிந்துவிடும். நிழல் போய் வெயில் விழும். சுண்ணாம்பும் உரமும் கலந்து புளிப்புக் குறையும். புளிப்புக் குறைந்ததும் வெளியிலிருந்து மற்ற மீன்கள் உள்ளே வரும். கோட்டை மதில் விழுந்த கதைதான். நாங்கள் பாரிட்டில் பிடித்த சண்டை மீன், வயலிலும் வாய்க்காலிலும் பிழைத்துக்கொள்ளும் அதன் உறவுக்காரன். லிவிடாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பதினாறு வருடம் பாரிட்டில் மீன் பிடித்தும் நான் ஒரு முறைகூட அதைப் பார்க்காததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். தாத்தா ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது செவப்புக் குஞ்சு இல்ல? எங்க புடிச்ச?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தாத்தா, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்னா? காட்ட ஒட்டி மொத பாரிட்டு வெட்டுறப்போ கறுப்புத் தண்ணி குபுகுபுன்னு வரும். அதோட இதுங்களும் வரும். மம்முட்டில மண்ண அள்ளுனா மண்ணோட துள்ளும். அடுத்த வருசம் பாரு, ஒண்ணு இருக்காது. எங்கியோ போயிடுச்சுன்னு நெனச்சோம்."

எங்கும் போகவில்லை தாத்தா என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் பாரிட் வெட்டியது அறுபதுகளில். இயந்திரம் வருவதற்கு முன்பு. இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று, செயின் கணக்கில் கூலி. அந்த மீனுக்குப் பெயர் வைக்க அப்போது இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. பெயரே இல்லாத ஒன்றை அவர் எப்படிக் காப்பாற்றியிருக்க முடியும்? அந்தக் கூலியில்தான் என் அப்பா ஐந்தாம் படிவம் முடித்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் நான் பல்கலைக்கழகம் போய், பாரிட் வெட்டியதால் அழிந்த மீனைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். எங்கள் வட்டாரத்தில்தான் 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார்கள். தோட்டத்தின் பெயரைக் கேட்டாலே நம்மவர்களின் வியர்வை மணக்கும். அந்த வரலாற்றை மேடைகளில் நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கே தண்ணீரை இறக்குவது என்று முடிவு செய்தவர் ஒருவர், மண்வெட்டி பிடித்தவர் வேறொருவர். இன்று சதுப்புக் காட்டின் அழிவைப் பேசும் சில கட்டுரைகளில் இருவரும் ஒரே வரியில் வந்துவிடுகிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தாலும் மீன் இல்லை என்பது இல்லைதான்.

இதையெல்லாம் நான் சுற்றி வளைத்துத் தாத்தாவிடம் சொன்னேன். மண் மக்குவது, நிலம் இறங்குவது, எல்லாம். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ எழுந்து என்னை வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனார்.

"இந்தப் படிக்கட்ட எண்ணு."

நான்கு படி.

"இந்த வூட்டுக்கு வந்தப்ப ஒரு படிதான். வூடு ஒசந்துச்சா, தரை எறங்குச்சா? ஒவ்வொரு வாட்டியும் ஒரு படி நாந்தான் கட்டுனேன். எனக்குத் தெரியாதா?"

வீடு நின்றது ஆழ ஊன்றிய கட்டைகளின்மேல். சுற்றியிருந்த நிலம் மட்டும் இறங்கியிருந்தது. நான் புத்தகத்தில் வரைபடமாகப் பார்த்ததை அவர் சிமெண்டும் மணலும் குழைத்து, படி படியாகக் கட்டி வைத்திருந்தார்.

2020-இல் வடக்குக் கோல லங்காட் வனக் காப்பகத்தின் பெரும்பகுதியை அரசிதழிலிருந்து நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதுவும் கம்புட் காடு. தெமுவான் பூர்வகுடியினர் அதை நம்பி வாழ்கிறார்கள். எதிர்ப்பு பலமாக எழுந்தது. 2021 ஆகஸ்ட் இறுதியில், 500 ஹெக்டருக்கும் மேல் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்று தெரியவந்தது. ஒன்றிரண்டு வாரத்திற்குள், செப்டம்பரில், மாநில அரசு அந்த முடிவை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. அந்த நாள்களில் நாளிதழில் அந்தச் செய்தி வரும்போதெல்லாம் தாத்தா வெட்டி எடுத்து வைத்திருந்தார். தண்ணீர்க் கட்டண ரசீதுகளோடு சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில்.

ராஜா மூசாவில் 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்வைரன்மென்ட் சென்டரும் சுற்றுவட்டார மக்களோடு சேர்ந்து காட்டை மீட்கும் வேலை செய்துவருகின்றன. எரிந்த இடத்தில் மகாங் கன்று நடுவது ஒரு வேலை. பழைய கால்வாய்களை அடைப்பது இன்னொன்று. கால்வாயின் குறுக்கே இரண்டு வரிசைக் கட்டைகளை அறைந்து, நடுவே மண் மூட்டைகளை அடுக்குவார்கள். தண்ணீர் ஏறினால் மண் ஈரமாகும்; ஈர மண் எரியாது, மக்காது. மீதிக் காட்டில் எஞ்சியிருக்கும் மீன்களுக்கு அதுதான் முதல் உதவி. கறுப்புத் தண்ணீர் கறுப்பாகவே நிற்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் ஓடினால்தான் நல்லது, தேங்கினால் கெடுதல் என்று பழகிய நமக்கு அதை ஏற்க நாளாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியொரு கோத்தோங் ரோயோங்குக்கு நண்பர்களோடு கிளம்பினேன். தாத்தாவும் வருகிறேன் என்றார். எண்பதைத் தாண்டியவர். அம்மா தடுத்துப் பார்த்தார். "பாரிட்ட அடைக்கிறாங்களாம்ல, நா பாக்க வேணாமா?" என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் கட்டை சுமந்தோம், மூட்டை தூக்கினோம். அவர் கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. கடைசி மூட்டையை அடுக்கிவிட்டு நாங்கள் கைதட்டியபோது எழுந்து வந்தார். கைத்தடியால் கரையின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார்.

"தண்ணி நேரா வராது. ஓரத்துல திருடிக்கிட்டுப் போயிடும். கட்டைய கரைக்குள்ள நல்லா ஏத்தணும். இங்க வெட்டு."

வேலையை மேற்பார்வை பார்த்த மலாய் இளைஞரிடம் இதை மொழிபெயர்த்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பெத்துல் பாக்சிக் சாக்காப்" என்று சிரித்தார். மறுபடி மண்வெட்டியை எடுத்தோம். வெட்ட வெட்டக் கறுப்புத் தண்ணீர் குழியில் ஊறியது. தாத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செவப்புக் குஞ்சு இங்க திரும்பி வருமா?"

"காட்டுக்குள்ள இன்னும் இருக்கு தாத்தா. மரம் வளந்து நெழல் விழுந்து, சருகு சேரணும். பத்து வருசம் ஆகலாம். இருபதும் ஆகலாம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்படின்னா இன்னும் ரெண்டு முழம் உள்ள வெட்டு" என்றார்.